பத்திரம் பதியும் நாள்வரை அது உங்கள் வீடுதான்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்து ஊரிலிருந்து 61 வயதுக் கிறிஸ்தவத் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். கணவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். உயில் எதுவும் எழுதிவைக்கவில்லை. அவர் பெயரில் 18 சென்ட் விளையும் (தோட்ட நிலம்) அதில் ஓர் ஓட்டு வீடும் இருக்கின்றன. மூத்த மகளை மார்த்தாண்டத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். இளைய மகள் பெங்களூரில், மகன் துபாயில். மகனுக்குக் கடன் இருக்கிறது. வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, நாகர்கோவிலில் ஒரு சிறிய பிளாட் வாங்கி அம்மாவை அங்கே குடிவைக்கலாம் என்று அவர் நினைக்கிறார். ஆறு மாதமாக வீடு விலைக்கு இருக்கிறது. இந்த அம்மா அதே வீட்டில் தனியாக இருக்கிறார்.

‘நான் கஞ்சி வடித்துக்கொண்டிருக்கும்போதே தரகர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அடுக்களைக்குள் வந்துவிடுகிறார். அலமாரியைத் திறந்து பார்க்கிறார்கள். கருவாடு பொரிக்காதீர்கள், வருகிறவர்களுக்கு வாடை பிடிக்காது என்கிறார். முன்னறையில் மாட்டியிருக்கும் என் வீட்டுக்காரர் படத்தையும் கழற்றி உள்ளே வைக்கச் சொன்னார்’ என்று எழுதுகிறார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மகன் வந்திருந்தபோது, ஒருவரிடம் 2 லட்சம் ரூபாய் முன்பணம் வாங்கி 100 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். முன்பணம் கொடுத்தவர் போன வாரம் டேப்பும் கையுமாக வந்து விளையை அளந்திருக்கிறார். வருக்கைப் பலாவைத் தடிக்கு, அதாவது பலகைக்கு, வெட்டப்போவதாகச் சொல்லியிருக்கிறார். சிமெண்ட் மூட்டை அடுக்க முன்பக்கத்து அறையின் சாவியையும் கேட்டிருக்கிறார். மூலப் பிரமாணத்தை, அதாவது அசல் சொத்துப் பத்திரத்தை, ‘வக்கீலிடம் காட்ட வேண்டும்’ என்று தரகர் வாங்கிக்கொண்டு போய் மூன்று வாரம் ஆகிறது. முன்பணம் வாங்கியாகிவிட்டால் 30 நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தரகர் சொல்கிறார். ‘அம்மா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், அக்காவும் தங்கையும் ஸ்திரீதனம் (சீதனம்) வாங்கிவிட்டார்கள்’ என்று மகன் சொல்கிறார். ‘இதையெல்லாம் நான் பொறுத்துத்தான் ஆக வேண்டுமா?’ என்று கேட்கிறார் இந்த அம்மா. கடிதத்தின் கடைசியில், கேள்வியாக இல்லாமல், ஒரு வரி: ‘தென்மேற்கு மூலையில் மாமனார், மாமியார் கல்லறை இருக்கிறது.’

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் வீட்டை விற்க வேண்டாம் என்று எங்கேயும் சொல்லவில்லை. மகனின் கடன் அடைய வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். விற்கும்வரை மரியாதையோடு அங்கே வாழ வேண்டும், அவ்வளவுதான் நீங்கள் கேட்பது. அதைக் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய உரிமை அது.

முதலில் ஓர் அவசர வேலை. இதைப் படித்து முடித்ததும் தரகரைக் கூப்பிட்டு மூலப் பிரமாணத்தைத் திரும்பக் கேளுங்கள். 1112ஆம் கொல்லம் ஆண்டு எழுதிய, மலையாள எழுத்தில் உள்ள பிரமாணம் என்று சொல்கிறீர்கள். அதாவது 1936-37. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் திருவிதாங்கூர்க் காலத்துப் பத்திரங்கள் இப்படித்தான் இருக்கும். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, மை மங்கிப்போன ஒரு பத்திரம் தரகரின் பைக்குள் மூன்று வாரம் கிடக்கக் கூடாது. அது தொலைந்தால் காவல் நிலையப் புகார், நாளிதழ் விளம்பரம் என்று மாதக்கணக்கில் அலைய நேரிடும். அதற்குள் விலையும் இறங்கிவிடும். வாங்குகிறவருக்கு ஒளிநகல் போதும். நகலின் ஒவ்வொரு பக்கத்திலும் ‘பார்வைக்கு மட்டும்’ என்று எழுதித் தேதியும் போட்டுக் கொடுங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அசல் வங்கி லாக்கரில் இருக்கட்டும். தரகர் இழுத்தடித்தால் பெற்றதற்கான சான்றுடன் ஒரு விரைவுத் தபால் அனுப்புங்கள். பெரும்பாலும் அந்தத் தபால் கிடைத்த மறுநாளே பத்திரம் வந்துவிடும்.

வீடு யாருடையது?

மகன் சொன்னது தவறு என்று இங்கே நேராகவே சொல்லிவிடுகிறேன். அவர் மனதறிந்து ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. நம் மாவட்டத்தில் பாதிப் பேர் இன்னும் இதையே நம்புகிறார்கள். நம்பிக்கைக்கு ஒரு வேரும் இருக்கிறது. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. ஸ்திரீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. விதவைக்கு ஆயுள்காலம்வரை அனுபவிக்கும் உரிமை மட்டும்தான் இருந்தது. நம் பாட்டிமார் இந்தச் சட்டத்தின் கீழ்தான் வாழ்ந்தார்கள்.

அது முடிந்துபோன கதை. 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே அந்தப் பழைய சட்டம் செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அந்தச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு, மகன் மகள் என்ற பேதம் இல்லாமல், பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். ஸ்திரீதனம் வாங்கியதால் மகளின் பங்கு போய்விடாது. உங்கள் கணக்கு எளிது. 18 சென்டில் 6 சென்ட் உங்களுடையது. மகனுக்கு 4, மகள்களுக்குத் தலா 4. வீடும் அதே விகிதத்தில்தான்.

ஆகவே மகன் எழுதிக்கொடுத்த தாளால் அதிகபட்சம் அவருடைய 4 சென்டைத்தான் கட்டுப்படுத்த முடியும். நீங்களும் இரண்டு மகள்களும் கையெழுத்திடாமல் முழு வீட்டையும் யாரும் யாருக்கும் விற்க முடியாது. மகன் கோபத்தில் தன் பங்கை மட்டும் வெளியாளுக்கு விற்றாலும், வாங்கியவர் உங்களோடு சேர்ந்து அந்த வீட்டில் குடியேற முடியாது. கூட்டுக் குடும்பம் வசிக்கும் வீட்டில் வெளியாளுக்குக் கூட்டு அனுபோகம் கேட்கும் உரிமை இல்லை என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொல்கிறது. அவர் பாகப்பிரிவினை வழக்குத்தான் போட வேண்டும். அப்போதும், 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி, நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அந்தப் பங்கை நீங்களே வாங்கிக்கொள்ளலாம். இதை மகனை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. இத்தனை பாதுகாப்பு இருப்பது தெரிந்தால் நீங்கள் இரவில் கொஞ்சம் தூங்குவீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

மகள்கள் தங்கள் பங்கை அண்ணனுக்கோ தம்பிக்கோ விட்டுக்கொடுக்க விரும்பினால் விட்டுக்கொடுக்கட்டும். அது அவர்கள் விருப்பம். அதற்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். ‘அவர்கள் கேட்க மாட்டார்கள்’ என்று நீங்கள் எழுதியிருப்பது சாட்சியாகாது. இருவரையும் போனில் அழைத்து, வீடு விலைக்கு இருப்பதையாவது சொல்லுங்கள். இளையவளுக்கு இன்னும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் என்னை உறுத்துகிறது. பெங்களூரில் இருக்கும் ஒரு பெண், தான் பிறந்த வீடு விற்கப்பட்டதை மூன்றாம் மனிதர் சொல்லிக் கேட்கக் கூடாது.

அந்த 100 ரூபாய்த் தாள்

அந்தத் தாள் எவ்வளவு பலமானது என்று கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். உங்கள் மகன் எழுதியது பதியப்படவில்லை. அதற்காக அது வெறும் காகிதம் என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். பதியாத ஒப்பந்தத்தையும், அதை நிறைவேற்றித் தரக் கேட்கும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசமும் உண்டு. ‘முன்பணத்தை இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள்’ என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஒப்பந்தம் செய்தவர் கேட்டால் அதை நிறைவேற்றும்படி உத்தரவிடுவதே நீதிமன்றத்தின் வழக்கமான நிலை. எனவே மகனை அடுத்து எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். விலை நால்வருக்கும் சம்மதமானால் புதிய ஒப்பந்தம் எழுதி, நால்வரும் கையெழுத்திட்டுப் பதியுங்கள். சம்மதம் இல்லையென்றால், அந்த 2 லட்சத்தை வங்கி வழியாகத் திருப்பிக் கொடுத்து, ஒப்பந்தம் ரத்தானதாக முன்பணம் கொடுத்தவரிடம் எழுதி வாங்குங்கள்.

மகன் துபாயிலிருந்து வர முடியாவிட்டால், அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரத்தை அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். அதிகாரத்தை ஒரு சகோதரிக்குக் கொடுக்கட்டும். தரகருக்கு வேண்டாம்.

இடைப்பட்ட காலத்தில் வீடு

ஒப்பந்தம் போட்டதாலேயே வீட்டில் எந்த உரிமையும் வாங்குபவருக்கு வந்துவிடுவதில்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு அப்படியே சொல்கிறது. கிரயப் பத்திரம் பதியும் நாள்வரை விளையின் வருமானமும் உங்களுக்கே. 45 நாளுக்கொரு முறை வெட்டும் தேங்காய், வருகிற சீசனில் காய்க்கப்போகும் அந்த வருக்கைப் பலா, எல்லாம் உங்களுடையவை. மரத்தை வெட்ட அவருக்கு உரிமை இல்லை. நீங்கள் தடுத்தும் வெட்டினால் அது காவல் நிலையம் போக வேண்டிய குற்றம். ‘மரம் பத்திரம் பதிந்த பிறகு’ என்று ஒரே வரியில் அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். பேசினால் காற்றோடு போய்விடும். எழுத்து நிற்கும்.

முன்னறைச் சாவியை எக்காரணம் கொண்டும் கொடுக்க வேண்டாம். நான் பார்த்த வழக்குகளில் அதிகக் கண்ணீர் இந்தச் சாவியில்தான் தொடங்கியிருக்கிறது. நாலு மூட்டை சிமெண்டுக்காகத் திறந்துவிட்ட அறையில் பிறகு காவலாள் ஒருவர் படுப்பார். அடுத்து ‘அனுபோகம் எங்களுக்கு வந்துவிட்டது’ என்று நோட்டீஸ் வரும். பதிந்த ஒப்பந்தத்தோடு அனுபோகத்தையும் ஒப்படைத்துவிட்டால், மீதிப் பணம் தரத் தயாராக இருக்கும் அவரை வெளியேற்றவே முடியாத நிலை வரலாம். முழுப் பணம், பதிவு, சாவி மூன்றும் ஒரே நாளில் நடக்கட்டும்.

30 நாளில் காலி செய்ய வேண்டும் என்பது தரகரின் சட்டம். உண்மையில் ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறீர்களோ அதுதான் கெடு. பிளாட் தயாராகும் காலத்தையும் சேர்த்து நாலு மாதமோ ஆறு மாதமோ கேளுங்கள். பதிவு முடிந்த பிறகும் சில வாரம் அங்கேயே இருக்க வேண்டியிருந்தால், வாய்ப்பேச்சில் விடாமல், வாடகை எவ்வளவு, எந்தத் தேதிவரை என்று தனியாக எழுதிக்கொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி அதற்கும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். கூடுமானவரை அந்த நிலைக்குப் போகாமல் பதிவுத் தேதியைத் தள்ளிவைப்பதே நல்லது. சொந்த வீட்டில் வாடகைக்காரராக இருக்கும் அந்தச் சில வாரம் மனதுக்கு மிகவும் பாரமாக இருக்கும்.

வீடு பார்க்க வருகிறவர்களுக்கு நேரம் வையுங்கள். சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை, ஞாயிறு ஆலயம் முடிந்து மாலை 4 முதல் 6 வரை. முந்தைய நாளே பெயரும் போன் எண்ணும் தெரிவிக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு குடும்பம். நீங்கள் தனியாக இருக்கும்போது யாரும் வேண்டாம். அடுத்த வீட்டு அம்மாவையோ சபையில் பழகிய யாரையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். அலமாரி பூட்டியே இருக்கட்டும். அது வீட்டோடு விற்கும் பொருள் இல்லை. செல்போனில் வீடியோ எடுக்கிறவர்களிடம் வெளிப்புறம் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். ‘தனியாக ஒரு வயதான அம்மா இருக்கிறார்’ என்ற விவரத்தோடு உங்கள் வீட்டுப் பின்வாசல் பத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவது ஆபத்து. தரகர் இந்த நேரங்களுக்குச் சம்மதிக்காவிட்டால் வேறு தரகரைப் பாருங்கள். கமிஷன் எத்தனை சதவீதம், எப்போது தர வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கருவாட்டை நீங்கள் தாராளமாகப் பொரிக்கலாம். கணவர் படம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். வீடு வாங்க வருகிறவர் சுவரையும் கிணற்றையும் பாதையையும் பார்த்து விலை சொல்கிறார். அந்தப் படத்தால் ஒரு ரூபாயும் குறையாது.

ஓர் இடத்தில் மட்டும் நான் உங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. ‘விற்கப்போகிற வீடுதானே என்று மாற்றாமல் விட்ட ஓடு வழியே மேற்கு அறையில் ஒழுகுகிறது, வருகிறவர்களிடம் சொல்லவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒப்பந்தம் போட்ட பிறகு, பதியும் நாள்வரை, வீட்டைப் பொறுப்புள்ள உரிமையாளரைப் போலப் பராமரிக்கும் கடமை விற்பவருக்குச் சட்டத்திலேயே உண்டு. நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. 2017 நவம்பரில் ஒக்கி என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டை மாற்றுங்கள். சுவரில் ஈரத் தடம் மிச்சமிருந்தால், ஒழுகி மாற்றியது என்று சொல்லியே காட்டுங்கள். எளிதில் கண்ணுக்குத் தெரியாத குறைகளைத் தெரிந்தே மறைப்பது மோசடியாகக் கருதப்படும். சித்திரையில் கிணறு வற்றுவதையும் சொல்லிவிடுங்கள்.

பணமும் பிளாட்டும்

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. எனக்கு இதுதான் பெரிய கவலை. விலைப்பணத்தில் மூன்றில் ஒரு பங்கு உங்களுடையது. அது உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு நேராக வர வேண்டும். நால்வரின் பங்கும் நால்வரின் கணக்குக்குத் தனித்தனியாக வரும்படி ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் விழலாம். வரியைப் பற்றிப் பதிவுக்கு முன்பே ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

மகனின் கடனுக்கு உங்கள் பங்கிலிருந்து கொடுக்க விரும்பினால் கொடுங்கள். எவ்வளவு என்று நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் நாகர்கோவில் பிளாட் உங்கள் பெயரில் பதியப்பட வேண்டும். மகன் பெயரில் பதிந்து ‘அம்மா இருக்கும்வரை இருக்கட்டும்’ என்று சொல்வதை ஏற்காதீர்கள். மகன் நல்லவராகவே இருக்கட்டும். கடன்காரர்கள் அவருடைய சொத்தின் மீதுதானே ஜப்தி வாங்குவார்கள்? உங்கள் பெயரில் இருந்தால் அதைத் தொட முடியாது. விருப்பப்பட்டால் பிறகு உயில் எழுதிக்கொள்ளலாம்.

இதைப் பேசும்போது வீட்டில் சத்தம் வரலாம். அப்போது நீங்கள் தனியாக இல்லை என்பது நினைவிருக்கட்டும். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. பத்மநாபபுரம் நீதிமன்றத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போகலாம். 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். 60 வயது கடந்தவர் என்பதால் 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் உங்களுக்கு உண்டு. மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. இவை தேவைப்படாது என்றே நம்புகிறேன். மகனின் அடுத்த அழைப்பில், ‘நான் விற்கச் சம்மதம், இந்த ஐந்து விஷயத்தையும் எழுதிக்கொள்வோம்’ என்று தொடங்கிப் பாருங்கள்: நால்வர் கையெழுத்து, தனித்தனிக் கணக்கு, காலி செய்யும் தேதி, என் பெயரில் பிளாட், அப்புறம் கல்லறை.

அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். கிரயப் பத்திரத்தில் ‘18 சென்டும் அதில் அடங்கியவையும்’ என்று எழுதிவிட்டால் கல்லறையும் சேர்ந்து போய்விடும். பிறகு கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றவும் நீங்கள் இன்னொருவர் படியேறி அனுமதி கேட்க வேண்டும். ஆகவே இப்போதே ஒரு சர்வேயரை அழைத்து, கல்லறையைச் சுற்றி அரை சென்டோ ஒரு சென்டோ அளந்து கல் நாட்டுங்கள். நான்கு எல்லையும் குறிப்பிட்டு அந்த இடத்தைக் கிரயத்திலிருந்து நீக்கி, உங்கள் குடும்பத்தின் பெயரிலேயே நிறுத்துங்கள். சாலையிலிருந்து அங்கே போய்வர மூன்றடி அகலத்துக்கு வழிநடை உரிமையும் பத்திரத்தில் வேண்டும். வெறும் ‘வழி உண்டு’ என்று எழுதினால் போதாது. எந்த எல்லையை ஒட்டி, எத்தனை அடி நீளம், அகலம் என்று இருக்க வேண்டும். வாங்குகிறவர் சிலர் இதற்கு விலையைக் குறைப்பார்கள், சிலர் வேண்டாம் என்றே போய்விடுவார்கள். போகட்டும். புதிய ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பே அவரை அந்த மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அப்போது மூத்த மகளும் மார்த்தாண்டத்திலிருந்து வந்து உங்கள் பக்கத்தில் நிற்கட்டும்.